முந்திரிக்கொட்டைகளுக்கு ஆகாத பந்தயம்: டைம்கீப்பிங் எண்டூரோவும் அதற்கு வாங்கும் சாமான்களும்

பந்தயத்தில் சீக்கிரம் வந்து சேர்ந்ததற்காக ஒருவர் தோற்பார் என்றால் நம்புவது கஷ்டம். அமெரிக்காவின் பழைய முறை எண்டூரோ என்னும் காட்டுப் பாதை மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் இது சாதாரணம். காட்டுப் பாதையில் யாரையும் நெருங்க விடாமல் ஓட்டி வந்து, ஒரு வளைவு திரும்பியதும் செக் பாயிண்ட் கொடியைப் பார்த்து, உடனே ஹேண்டில்பாரில் ஒட்டிய கடிகாரத்தையும் பார்த்து, தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் ஹெல்மெட் தடுக்கிறது. அப்படி நிற்பவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம்.

ஏ.எம்.ஏ. எனப்படும் அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கத்தின் தேசிய எண்டூரோ தொடர் 2007-இல் இந்த முறையைக் கைவிட்டு, சீக்கிரம் வந்தால் தண்டனை இல்லாத 'ரீஸ்டார்ட்' முறைக்குப் போய்விட்டது. ஆனாலும் வட்டார கிளப்புகள் சில, கடிகாரமும் ஓடோமீட்டரும் பார்த்து ஓட்டும் டைம்கீப்பிங் எண்டூரோவை இன்னும் விடவில்லை. முதல் தடவை பெயர் கொடுக்கிறவருக்கு அது எப்படி இருக்கும், அதற்காகக் கடையில் விற்கும் எந்தச் சாமான் காசுக்குத் தகும் என்பதே இந்த மதிப்பீடு.

முதலில் கணக்கு. கிளப் குறித்த சராசரி வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு செக் பாயிண்டையும் உங்களுக்குரிய நிமிடத்தில் தாண்ட வேண்டும்; முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. பெயர் கொடுத்ததும் ஒரு வரிசை எண் தருவார்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு வரிசை, ஒரு வரிசையில் நாலைந்து பேர். போட்டியின் 'கீ டைம்' (எல்லாக் கணக்கும் தொடங்கும் நேரம்) காலை 8:00 என்றால் 35-ஆம் வரிசை 8:35-க்குக் கிளம்பும். அனுபவப்பட்டவர்கள் கடிகாரத்தை 35 நிமிடம் பின்னால் திருப்பி வைத்துவிடுவார்கள். கிளம்பும்போது கடிகாரம் சரியாக 8:00 காட்டும். அதன் பிறகு ரோல் சார்ட்டில் (மைலும் நேரமும் போட்ட காகிதச் சுருள்) அச்சடித்த நேரமும் கடிகாரத்தில் தெரியும் நேரமும் ஒன்றாகிவிடும். காட்டுக்குள் போய் 35-ஐக் கூட்டிக் கழிக்கும் வேலை மிச்சம். செக் பாயிண்டில், அந்த நிமிடத்தில் வர வேண்டிய வரிசை எண்ணைக் காட்டும் புரட்டு அட்டையும் இதே கணக்கில்தான் ஓடும். நீங்கள் கோட்டைத் தாண்டும்போது அட்டையில் 35 இருந்தால் பூஜ்யம். 36 என்றால் ஒரு நிமிடம் தாமதம். 34 என்றால் தொலைந்தீர்கள்.

ஏன் தொலைந்தீர்கள்? தாமதத்துக்கு நிமிடத்துக்கு 1 புள்ளி. முந்தினால் முதல் நிமிடத்துக்கு 2, அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 5. குறைந்த புள்ளி இழந்தவரே ஜெயிப்பார். ஆக, மூன்று நிமிடம் முந்துவதும் பன்னிரண்டு நிமிடம் பிந்துவதும் ஒன்று: இரண்டுக்குமே 12 புள்ளி. இப்படி முந்தி வருவதை ஓட்டிகள் 'செக்கை எரித்துவிட்டான்' என்பார்கள். அறுபது நிமிடம் பிந்தினால் ஆட்டத்திலிருந்தே வெளியே. உங்கள் நிமிடத்துக்குள் வந்தால் போதும். அதன் 01-ஆவது நொடியும் 58-ஆவது நொடியும் சாதாரண செக்கில் ஒன்றுதான். ஆனால் அந்த நிமிடம் பிறப்பதற்கு ஒரு நொடி முன்னால் கோட்டைத் தொட்டால் 2 போயிற்று. அதனால் தேர்ந்தவர்கள் நிமிடம் பிறந்து பத்துப் பதினைந்து நொடி கழித்து நுழையப் பார்ப்பார்கள். சம புள்ளியை உடைக்க 'எமர்ஜென்சி செக்' என்று சில இடங்களில் நொடியையும் குறித்துக்கொள்வார்கள். முதல் பத்து இடத்துக்குப் போட்டி போடுகிறவர் தவிர மற்றவர்கள் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

இந்த விளையாட்டின் உயிர்நாடி 'பாசிபிள்', அதாவது செக் இருக்கக்கூடிய இடம். செக் எங்கே இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைக் கண்ட இடத்தில் வைக்கவும் முடியாது. மைலில் பத்தில் ஒரு பங்குக் கணக்கும் முழு நிமிடமும் ஒன்றாகப் பொருந்தும் இடத்தில்தான் வைக்கலாம். சராசரி வேகம் மணிக்கு 24 மைல் என்று வையுங்கள், கிலோமீட்டரில் 38.6 வரும். நிமிடத்துக்கு 0.4 மைல். எனவே ஒவ்வொரு 0.4 மைலுக்கும் ஒரு பாசிபிள். 30 மைல் வேகத்தில் 0.5 மைலுக்கு ஒன்று, 18-இல் 0.3-க்கு ஒன்று. 22 மைல் என்று கிளப் வில்லங்கமாக வைத்தால் 1.1 மைலுக்கு ஒருமுறைதான் பொருந்தும். அது உண்மையில் ஓட்டிக்கு வசதி. அடுத்தடுத்த பாசிபிள்களுக்கு நடுவே மூச்சு விட இடம் கிடைக்கும்.

இதோடு இன்னொரு விதி சேர்கிறது: ஒரு செக்கிலிருந்து 3 மைலுக்குள் அடுத்த செக் வராது என்பது வழக்கம். (கிளப்பின் துணை விதித்தாளை ஒருமுறை படித்துவிடுங்கள், மாறுதல் இருந்தால் அதில் இருக்கும்.) 24 மைல் வேகத்தில் 12.4-ஆவது மைலில் ஒரு செக் வந்தது என்று வைப்போம். கீ டைமிலிருந்து 31 நிமிடம், அதாவது 8:31. அங்கிருந்து 15.4 வரை எவ்வளவு விரட்டினாலும் கேட்பாரில்லை. அதற்கப்புறம் வரும் முதல் பாசிபிள் 15.6, நேரம் 8:39. விவரமானவர் 15.3 வரை பறந்து வந்து, வண்டியை ஓரம் கட்டி, தண்ணீர் குடித்து, கண்ணாடி துடைத்து, 8:39 பிறந்த பிறகு 15.6-ஐத் தாண்டுவார். பின்னால் வந்த புதியவர், இவர் ஏன் நிற்கிறார் என்று புரியாமல், ஜெயித்த சந்தோஷத்தில் கடந்து போவார்.

சரி, ஏன் 15.5 வரை போகாமல் 15.3-லேயே நிற்க வேண்டும்? செக்கின் கொடி கண்ணில் பட்டுவிட்டால் அதன் பிறகு நிற்கக் கூடாது, பின்னால் போகக் கூடாது, பாம்பு போல வளைந்து நேரம் கடத்தவும் கூடாது. நின்றால் அந்த நொடியே வந்து சேர்ந்த நேரமாகிவிடும். நேர் பாதையில் கொடி வெகு தூரத்திலிருந்தே தெரியும். கிளப்புகளுக்கு இது நன்றாகத் தெரியும். செக்கை எங்கே ஒளித்து வைப்பார்கள் என்றால், கஷ்டமான ஒற்றையடிப் பாதையில் எல்லோரையும் நாலைந்து நிமிடம் பிந்த வைத்து, அதன் பின் அகலமான மண் ரோட்டில் விட்டு, நீங்கள் அரக்கப்பரக்க நேரத்தைப் பிடித்து, பிடித்த வேகத்திலேயே ஒரு நிமிடம் தாண்டியும் போகிற இடத்தில். பதறாத காரியம் சிதறாது என்பதற்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி கிடையாது.

இனி சாமான்கள். மூன்று பொருள்: ஓடோமீட்டர், கடிகாரம், ரோல் சார்ட் பெட்டி. இவை மூன்றின் வேலையையும் ஒன்றாகச் செய்யும் எண்டூரோ கணினியும் உண்டு.

காசு போட வேண்டியது ஓடோமீட்டரில். மேலே சொன்ன தந்திரம் எல்லாம் 'நான் இப்போது 15.3-இல் இருக்கிறேன்' என்பது உண்மையாக இருந்தால்தான் பலிக்கும். 24 மைல் வேகத்தில் 0.1 மைல் என்பது 15 நொடி. ஓடோமீட்டர் 2 சதவீதம் தவறாகக் காட்டினால் இருபது மைலில் 0.4 மைல், அதாவது முழுசாக ஒரு நிமிடம் காலி. அது குறைவாகக் காட்டும் ரகமாக இருந்தால் இன்னும் மோசம்: நீங்கள் 15.2 என்று நினைத்து நிற்கத் தயாராகும்போது செக் கண் எதிரே இருக்கும்.

வண்டியோடு வரும் மீட்டர் பெரும்பாலும் போதாது. வேண்டியது பத்தில் ஒரு பங்கு மைல் (நூறில் ஒரு பங்கானால் இன்னும் நல்லது) காட்டும், ஓட்டிக்கொண்டே ஒரு பொத்தானால் கூட்டவும் குறைக்கவும் முடிகிற, முன்சக்கரத்துக் காந்தத்தில் இயங்கும் மின்னணு ஓடோமீட்டர். பின்சக்கரத்தில் சென்சார் வைக்கும் தப்பைச் செய்ய வேண்டாம். சேற்றில் சக்கரம் சும்மா சுழலும் ஒவ்வொரு சுழற்சியும் மைலாக ஏறும். ஜி.பி.எஸ். மீட்டரும் இங்கே உதவாது. அடர்ந்த மரங்களுக்குக் கீழே, நெருக்கமான வளைவுகளில், அது மூலையை வெட்டிக் குறுக்கே கணக்குப் போடும். தூரம் குறைவாக வரும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, ஓட்டும் அளவு காற்று வைத்து, ஆள் மேலே உட்கார்ந்த நிலையில் ஒரு சுற்று உருட்டித் தரையில் அளக்க வேண்டும். 21 அங்குல முன்சக்கரத்துக்கு 2.1 மீட்டரை ஒட்டி ஓர் எண் வரும். ஆளில்லாமல் அளந்தால் சில மில்லிமீட்டர் கூடுதலாக வந்துவிடும். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கூடினால் வேகத்தில் சில சுற்றுகளைத் தவறவிடும். ரொம்பக் குறைத்தால் சேறு இறுகி சென்சாரையே பெயர்த்துவிடும். அடிக்கடி போவது ஒயர்தான். ஃபோர்க் முழுசாக அமுங்கும்போதும் நீளும்போதும் இழுபடாத அளவு விட்டு, பிரேக் ஹோஸோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் டையை இறுக்கி அறுத்துவிடாமல் கொஞ்சம் தளர்வாகக் கட்டினால் ஆயுள் கூடும்.

அளந்து போட்ட எண்ணோடு வேலை முடியாது. உங்களுக்கு உண்மையான மைல் தேவையே இல்லை, கிளப்பின் மைல்தான் தேவை. பாதை போட்டவர் எந்த மீட்டரில் அளந்தாரோ அதுவே அன்றைக்கு வேதம். ஆரம்பத்தில் குறிக்கப்பட்ட மைல் கற்கள் இருக்கும். அவற்றில் சரிபார்த்துத் திருத்த வேண்டும். உதாரணமாக மீட்டரில் போட்ட சுற்றளவு 2140 மி.மீ. கிளப்பின் 5.0 மைல் குறியில் உங்கள் மீட்டர் 5.2 காட்டுகிறது. 2140-ஐ 5.0-ஆல் பெருக்கி 5.2-ஆல் வகுத்தால் 2058. அதைப் போட்டுவிட்டால் மீதி நாளுக்கு ஓரளவு ஒத்துப்போகும். அதன் பிறகும் வழி தவறித் திரும்பினால், விழுந்தவரைச் சுற்றிப் போனால், மணலில் முன்சக்கரம் உருளாமல் இழுபட்டால் வித்தியாசம் சேரும். ஒவ்வொரு மைல் குறியிலும் பொத்தானை அழுத்திச் சரிசெய்யும் பழக்கம் கைக்கு வந்துவிட வேண்டும்.

கடிகாரத்துக்குச் செலவு செய்யாதீர்கள். எண் பெரிதாகத் தெரியும், நொடி காட்டும் மலிவான டிஜிட்டல் கடிகாரம் போதும். பொத்தான்கள் துருத்திக்கொண்டு இல்லாமல் பார்த்து வாங்க வேண்டும்; மரக்கிளை பட்டு நேரம் மாறிய கதைகள் நிறைய. கிளப்பின் அதிகாரபூர்வ கடிகாரத்தோடு நொடி வரை பொருத்துவதே முக்கியம். கைபேசி நேரம் சரியான நேரமாக இருக்கலாம், ஆனால் கிளப் கடிகாரம் 20 நொடி தள்ளி ஓடினால் அன்றைக்கு கைபேசிதான் தப்பு.

ரோல் சார்ட் பெட்டி என்பது இரண்டு உருளை, பக்கத்தில் திருகும் குமிழ், மேலே ஒளிபுகும் மூடி. நடுவில் நீளமான காகிதப் பட்டை. அதில் மைல், நேரம், வேக மாற்றம், ரீசெட் (ஓடோமீட்டரை வேறு மைலுக்கு ஏற்றச் சொல்லும் இடம்), பெட்ரோல் போட நிற்கும் இடம். காலையில் கிளப் தாள்களாகக் கொடுப்பதை வெட்டி, முனையோடு முனை ஒட்டி, சுற்றிக்கொள்ள வேண்டும். ஒட்டும்போது வரிசை மாறாமல் பாருங்கள். இருட்டில், குளிரில், 40 மைலுக்குப் பிறகு 28 வரும்படி ஒட்டிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். வேக மாற்றத்துக்கு ஒரு நிறம், ரீசெட்டுக்கு ஒரு நிறம் என்று பூசிவிட்டால் நின்றபடி ஓட்டும்போது ஓரக்கண்ணுக்கே தெரியும். மழை நாளில் பெட்டி எவ்வளவு நல்ல பிராண்டாக இருந்தாலும் ஆவி படியும். பட்டை முழுவதும் செல்லோடேப் ஒட்டிவிடுவது நிச்சயமான வழி. சுருள் தடிமனாகும் என்பதால் பெட்டிக்குள் அடங்குகிறதா என்று முதலிலேயே சுற்றிப் பார்க்க வேண்டும். குமிழ் பெரிதாக, கையுறையோடு திருக முடிவதாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றபடி எல்லாப் பெட்டியும் ஒன்றுதான்.

அடுத்து கணினி. ஐ.சி.ஓ. செக்மேட் இந்த வகையில் பெயர் பெற்றது. வேக மாற்றம், ரீசெட் எல்லாவற்றையும் முன்கூட்டி ஏற்றிவிட்டால், இந்த நொடியில் எவ்வளவு முந்தியிருக்கிறீர்கள் அல்லது பிந்தியிருக்கிறீர்கள் என்றும் அடுத்த பாசிபிள் எது என்றும் அதுவே சொல்லிவிடும். கூட்டல் கழித்தல் மூளையை விட்டுப் போய்விடுவதால் பாதையைப் பார்த்து ஓட்டலாம். களைப்பு ஏறிய நாலாவது மணி நேரத்தில் இதன் அருமை தெரியும். ஆனால் ஒரு ரீசெட்டைத் தப்பாக ஏற்றிவிட்டால் அதற்குப் பிறகு வரும் அத்தனையையும் அதே தைரியத்தோடு தப்பாகச் சொல்லும். கணக்கே தெரியாமல் கணினியை மட்டும் நம்பி வந்தவருக்கு அது தப்பு என்று கண்டுபிடிக்கவும் தெரியாது. முதல் நாலைந்து போட்டி காகிதச் சுருளில் ஓட்டிவிட்டுப் பிறகு வாங்குங்கள்; அதற்குப் பிறகும் பழைய பெட்டியைக் கழற்றாதீர்கள். டிக் பர்ல்சன் 1974 முதல் 1981 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அமெரிக்க தேசிய எண்டூரோ பட்டத்தை வென்றார்; அவர் வெல்லத் தொடங்கியபோது இப்படி ஒரு கணினி வாங்கக் கிடைக்கவில்லை.

புள்ளி கொட்டும் இடங்கள் இரண்டு. ஒன்று வேகக் குறைப்பு. 10.0 மைல் வரை 24, அங்கிருந்து 18 என்று சார்ட்டில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் 24-லேயே 13.0-க்கு வந்தால் உங்கள் கணக்கில் 32 நிமிடம் 30 நொடி. கிளப்பின் கணக்கில் 10 மைலுக்கு 25 நிமிடமும் அடுத்த 3 மைலுக்கு 10 நிமிடமுமாக 35. அட்டையில் மூன்று நிமிடம் முந்தியதாகக் காட்டும். 12 புள்ளி ஒரே இடத்தில் போகும். வேகம் கூடுகிற இடத்தைத் தவறவிட்டால் ஒன்றிரண்டு புள்ளியோடு தப்பிக்கலாம். எனவே சார்ட்டில் குறையும் வேகத்துக்கு மட்டும் சிவப்பு பூசினாலே பாதிக் காப்பு.

இன்னொன்று ரீசெட். 12.3-இல் 'ரீசெட் 15.0' என்றால் ஓடோமீட்டரை அங்கேயே நின்று 15.0-க்கு ஏற்ற வேண்டும். சராசரி வேகம் 24 என்றால், ஓட்டாத 2.7 மைலுக்குரிய 6 நிமிடம் 45 நொடி இனாம். பிந்தியவருக்கு வரம், சரியான நேரத்தில் வந்தவருக்குக் காத்திருப்பு. ரீசெட்டை மறந்து கிளம்பியவரின் மீட்டர் 2.7 மைல் பின்தங்கி நிற்கும், அவரோ நேரமாகிவிட்டதென்று இன்னும் விரட்டுவார்.

செக்கில் செய்ய வேண்டியது சின்ன வேலை, விடுபட்டால் பெரிய நஷ்டம். ஸ்கோர் அட்டை முன் மட்கார்டில் டேப்பால் ஒட்டப்பட்டிருக்கும். நாலு பக்கமும் டேப் ஒட்ட வேண்டும். நடுவில் எழுத இடம் விட வேண்டும். ஒட்டும் முன் மட்கார்டை எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். கோட்டைத் தாண்டிய நிமிடத்தை அவர்கள் எழுதும்போது நீங்களும் புரட்டு அட்டையைப் பாருங்கள். ஏழெட்டுப் பேர் ஒன்றாக வந்து விழும்போது எழுதுகிறவர் அடுத்த நிமிடத்தைப் போட்டுவிடுவது உண்டு. அங்கேயே மரியாதையாகச் சொன்னால் திருத்துவார்கள். மாலையில் முடிவுப் பலகைக்கு முன்னால் கத்திப் பிரயோஜனமில்லை.

யாருக்கு இது பிடிக்கும்? மேல் வகுப்பு ஓட்டிகளுக்கு நெருக்கமான காட்டுப் பகுதியில் எப்படியும் நேரம் பிடிக்காது. அங்கே அவர்கள் முழு மூச்சாக ஓட்டி, எளிய பகுதிகளில் மட்டும் கடிகாரம் பார்ப்பார்கள். புதியவருக்கோ பல செக்குகளில் முந்தும் ஆபத்தே வராது, அவர் கவலை அறுபது நிமிடக் கெடு. நடுத்தர வகுப்பில்தான் ஆட்டம் சூடு. வேகத்தில் சுமாரான ஒருவர், எதையும் எரிக்காமல் வந்து, தன்னைவிட வேகமான இருவரைக் கீழே தள்ளுவது அங்கே சகஜம். நம்மூர் டி.எஸ்.டி. (நேரம், வேகம், தூரம் பார்த்து ஓட்டும்) ரேலியில் நேவிகேட்டர் இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். இங்கே ஓட்டுவதும் கணக்குப் போடுவதும் ஒரே ஆள், அதுவும் ஃபுட்பெக்கில் நின்றபடி.

இதெல்லாம் தலைவலி என்பவருக்கு ரீஸ்டார்ட் முறை இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் உங்கள் வரிசை கிளம்பும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். சீக்கிரம் வந்தால் கோட்டுக்கு முன்னால் காத்திருக்கலாம், தண்டனை இல்லை. பகுதியை எத்தனை நிமிடம் நொடியில் முடித்தீர்கள் என்பதைக் கூட்டுவார்கள். ஒரு கடிகாரமும், மட்கார்டில் கிளம்பும் நேரங்கள் எழுதிய ஒரு ஸ்டிக்கரும் போதும். யார் வேகமானவர் என்பது சுத்தமாகத் தெரிந்துவிடும். 2007-க்குப் பிறகு மோட்டோகிராஸ் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் வசதியாகிப்போனது. பந்தயமாகப் பார்த்தால் அதுவே நியாயமானது. ஆனால் 15.3-இல் எஞ்சினை நிறுத்திவிட்டு, அடுத்த வளைவுக்குப் பின்னால் கொடி இருக்குமா இருக்காதா என்று கடிகாரத்தைப் பார்த்தபடி காட்டின் சத்தம் கேட்டுக்கொண்டு நிற்கும் அந்த நாற்பது நொடி அதில் கிடையாது.

முதல் முறை போகிறவர் வாங்க வேண்டியது இவ்வளவே: நல்ல ஓடோமீட்டர் ஒன்று, மலிவான கடிகாரம் இரண்டு (ஒன்று கை மணிக்கட்டில், விழுந்து ஹேண்டில்பார் கடிகாரம் போனால் உதவும்), குமிழ் பெரிய ரோல் சார்ட் பெட்டி, இரண்டு நிற மார்க்கர், ஒரு கத்திரி, நிறைய டேப். கத்திரியை மறந்தவர்கள் காலை ஆறரை மணிக்குக் கிளப் கூடாரத்தில் கெஞ்சிக்கொண்டு நிற்பார்கள்.